கில்லர் ஆட்டம் நகராமல் நின்றபோது

டார்ட்ஸ் ஆட ஆறேழு பேர் சேர்ந்தால் எங்களுக்குக் கில்லர்தான். எண்கள் பிரித்த வட்டப் பலகையில் பழக்கமில்லாத கையால் ஆளுக்கு ஓர் அம்பு எறிவோம். விழுந்த எண் அவருடையது. ஆளுக்கு 3 உயிர். தன் எண்ணின் டபுளில், அதாவது பலகையின் வெளிவிளிம்பு வளையத்தில் அந்த எண்ணுக்குரிய பகுதியில், அடித்தவர் கில்லர் ஆவார். அப்புறம் அவர் யாருடைய டபுளில் அடிக்கிறாரோ அவருக்கு ஓர் உயிர் போகும். தவறித் தன் டபுளிலேயே பட்டால் தன் உயிர்தான் போகும்.

ஆனால் 2.37 மீட்டர் தள்ளி நின்று 8 மில்லிமீட்டர் அகல வளையத்தில் அடிப்பது புதியவர்களுக்குப் பெரும்பாடு. அரை மணி நேரமாகியும் ஒரு கில்லர்கூட வரவில்லை. பாதிப் பேர் சோர்ந்து உட்கார்ந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சரி என்று விதியை மாற்றினேன். புதியவர்களுக்கு எண்ணின் எந்தப் பகுதியில் பட்டாலும் டபுள் கணக்கு. பழகியவர்களுக்கு டபுள் மட்டுமே. சீக்கிரம் வெளியேறாமலிருக்க உயிரையும் 5 ஆக்கினேன். அடுத்த ஆட்டத்தில் கடைசிவரை நின்ற இருவரில் ஒருவர், அன்றுதான் முதன்முதலாக அம்பைத் தொட்டவர்.