ஒரே தேதி, வேறு வேறு நாள்: ‘வரலாற்றில் இன்று’ தொகுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘வரலாற்றில் இன்று’ பகுதிக்குப் புதிதாக எழுத வருகிறவர்களின் பக்கங்கள் அச்சுக்குப் போகுமுன் என் மேசைக்கு வரும். ஆட்கள் மாறுகிறார்களே தவிர தப்புகள் மாறுவதில்லை. நாங்கள் ஒரு காலத்தில் ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே தப்புகள்தான் இப்போது அழகாகத் தட்டச்சாகி வருகின்றன. ஆண்டில் இலக்கம் இடம் மாறுவது, பிறந்தவரை இறந்தவராக்குவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டாம் முறை படித்தாலே அவை தெரிந்துவிடும். எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாத சில இருக்கின்றன, அவற்றைப் பற்றித்தான் பேச்சு.

இரண்டு நாட்காட்டிகளின் தேதியை ஒரே நாள் என்று எழுதுவது

ஏப்ரல் பிறந்தால் இது வந்துவிடும்: ‘1616 ஏப்ரல் 23. இங்கிலாந்தின் ஷேக்ஸ்பியரும் ஸ்பெயினின் செர்வாண்டிசும் ஒரே நாளில் மறைந்தார்கள்.’ 1995-ல் யுனெஸ்கோ ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்த பிறகு இந்த வரி இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே நாளில் இறக்கவில்லை.

ஆண்டுக்கு 365¼ நாள் என்பது பழைய ஜூலியன் கணக்கு. உண்மையான சூரிய ஆண்டைவிட அது சுமார் 11 நிமிடம் நீளம். நிமிடம்தானே என்று விட்டதில் 16-ஆம் நூற்றாண்டுக்குள் பத்து நாள் பிசகிவிட்டது. 1582-ல் போப் 13-ஆம் கிரிகோரி அதைச் சரிசெய்தார், அதுதான் புதிய கணக்கு. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து நாடுகளில் அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. இங்கிலாந்து போப்பின் பேச்சைக் கேட்கும் நிலையில் இல்லை. 170 ஆண்டு பழைய கணக்கிலேயே ஓட்டியது. ஆக, ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23 அன்று ஸ்பெயின் மக்களுக்குத் தேதி மே 3. போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22. அடக்கம்தான் 23-ல் நடந்தது. இருவரின் சாவுக்கும் நடுவே 11 நாள்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு வினாடி வினாவின் இறுதிச் சுற்றில் ‘சரியா, தவறா’ பகுதியில் இதையே கேட்டார்கள். ஓர் அணி ‘தவறு’ என்றது. நடுவர் கையிலிருந்த தாளில் ‘சரி’ என்று இருந்தது. அந்த ஒரு கேள்வியில் கோப்பை கை மாறியது. மறுநாள் அந்த மாணவர்களின் ஆசிரியை கலைக்களஞ்சியத்தோடு வந்து நின்றார். அமைப்பாளர்கள் முதல் பரிசுத் தொகையை இன்னொரு முறை எடுத்துவைக்க வேண்டியதாயிற்று. கேள்வி தயாரித்தவரைக் கேட்டால், “எல்லாப் பத்திரிகையிலும் அப்படித்தானே சார் போட்டிருக்கிறார்கள்” என்றார். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது அந்தப் பதிலை நினைத்தால்தான். ஒரு பத்திரிகையைப் பார்த்து இன்னொன்று எழுதியதெல்லாம் அவருக்குத் தனித்தனிச் சாட்சியாகிவிட்டது.

இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு: ‘கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்.’ இரண்டும் 1642 என்றுதான் பல பட்டியல்கள் சொல்லும். கலிலியோ இத்தாலியில் இறந்த 1642 ஜனவரி 8 புதிய கணக்கு. நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 இங்கிலாந்தின் பழைய கணக்கு. இரண்டையும் புதிய கணக்குக்கு மாற்றினால் நியூட்டன் 1643 ஜனவரி 4-க்குப் போய்விடுவார். சரி, இரண்டையும் பழைய கணக்கிலேயே வைத்துப் பார்க்கலாமே என்றால், கலிலியோ 1641 டிசம்பர் 29-க்குப் போய்விடுவார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே ஆண்டு வராது. ஒருவரை இந்தக் கணக்கிலும் மற்றவரை அந்தக் கணக்கிலும் வைத்தால்தான் வரும்.

ரஷ்யா 1918 வரை பழைய கணக்கில் இருந்தது. அங்கே ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. ‘அக்டோபர் புரட்சி’யை நவம்பர் 7-ல் கொண்டாடியதன் காரணம் இதுதான்: 1917 அக்டோபர் 25 புதிய கணக்கில் நவம்பர் 7. அதே ஆண்டு பெத்ரோகிராத் பெண் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிய பிப்ரவரி 23-தான் மார்ச் 8. இதுவரை பலருக்கும் தெரியும். அடுத்த படியில்தான் சறுக்குவார்கள், ரஷ்யத் தேதி என்றாலே கண்ணை மூடிக்கொண்டு 13 நாள் கூட்டுவார்கள். 13 என்பது 1900 மார்ச்சுக்குப் பிறகுதான். 1700 பிப்ரவரி வரை வித்தியாசம் 10 நாள், 18-ஆம் நூற்றாண்டில் 11, 19-ஆம் நூற்றாண்டில் 12. புதிய கணக்கில் 1700, 1800, 1900 லீப் ஆண்டுகள் அல்ல, பழைய கணக்கில் லீப் ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூடிவிடும். 1600-ம் 2000-மும் 400-ஆல் வகுபடுவதால் இரண்டு கணக்கிலும் லீப் ஆண்டு, அப்போது வித்தியாசம் கூடவில்லை. லெனின் பிறந்தது பழைய கணக்கில் 1870 ஏப்ரல் 10. கூட்ட வேண்டியது 12, வருவது ஏப்ரல் 22. இன்னொரு வகையினர் ஏற்கெனவே மாற்றிய தேதியைத் திரும்ப மாற்றுவார்கள். நவம்பர் 20-ல் புரட்சி நடத்திய பக்கம் ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இன்னொரு வில்லங்கம். 1751 வரை அங்கே சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25. அரசர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30-ஐ நாம் 1649 என்போம். அக்கால ஆவணத்தில் 1648 என்று இருந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

இதெல்லாம் ஐரோப்பாவின் சங்கதி என்று நினைப்பவர்கள் நம் கடற்கரையைப் பார்க்கலாம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டை சரணடைந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. தோற்றவனுக்கும் ஜெயித்தவனுக்கும் 11 நாள் வித்தியாசம். 1752-ல் பிரிட்டன் செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று அறிவித்த பிறகுதான் சென்னையிலும் புதுச்சேரியிலும் ஒரே தேதி வந்தது.

அதனால் 1582-க்கும், கிரேக்கம் மாறிய 1923-க்கும் இடைப்பட்ட எந்த ஐரோப்பியத் தேதியாக இருந்தாலும் பக்கத்தில் நாட்டின் பெயரையும் பழைய கணக்கா புதிய கணக்கா என்பதையும் எழுதி வையுங்கள். அச்சில் போட வேண்டாம், உங்கள் குறிப்பில் இருந்தால் போதும். இரண்டு நிகழ்ச்சிகளை ‘ஒரே நாளில்’ என்று சேர்ப்பதற்கு முன் அந்தக் குறிப்பைப் பாருங்கள்.

தற்செயலையும் தொடர்பையும் ஒரே கயிற்றில் கட்டுவது

ஜெர்மனியின் நவம்பர் 9 எல்லாருக்கும் பிடித்த நாள். 1918-ல் பேரரசர் ஆட்சி முடிந்து பெர்லினில் குடியரசு அறிவிப்பு. 1923-ல் மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி முறியடிப்பு. 1938-ல் யூதர்களின் வழிபாட்டுக் கூடங்களும் கடைகளும் சூறையாடப்பட்ட இரவு. 1989-ல் பெர்லின் சுவர் திறப்பு. நான்கையும் வரிசையாகப் போட்டு ‘விதியின் விளையாட்டு’ என்று தலைப்பு வைத்துவிடுவார்கள்.

1938-க்கும் 1923-க்கும் நடுவே விதி எதுவும் இல்லை. தோற்றுப்போன அந்த முயற்சியின் நினைவு நாளுக்கு நாஜித் தலைவர்கள் ஆண்டுதோறும் மியூனிக்கில் கூடுவார்கள். 1938-லும் கூடியிருந்தார்கள். பாரிசில் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்துவிட்ட செய்தி அங்கே வந்தது. நாஜிகளின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பேசினார், அன்றிரவே தீ வைத்தார்கள். தேதி ஒன்றாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1989 அப்படியல்ல. கிழக்கு ஜெர்மனி மக்கள் வெளியே போக அனுமதிக்கும் புதிய பயண விதி மறுநாளிலிருந்துதான் நடைமுறைக்கு வர வேண்டும். செய்தியாளர் கூட்டத்தில் எப்போதிலிருந்து என்று கேட்டபோது அந்நாட்டு ஆளுங்கட்சியின் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி தாளைப் புரட்டித் தடுமாறி, உடனடியாக என்று சொல்லிவிட்டார். மக்கள் சுவரை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். நவம்பர் 10 ஆகியிருக்க வேண்டியது 9 ஆனது.

எது காரணத்தோடு சேர்ந்தது, எது தானாகச் சேர்ந்தது என்பதை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும். அந்த வரி இல்லாத பட்டியல் வெறும் எண் ஜோசியம். ஜெர்மனி தன் ஒற்றுமை நாளை நவம்பர் 9-ல் வைக்காமல் அக்டோபர் 3-ல் வைத்திருப்பதையும் சேர்த்துச் சொன்னால் பத்தி நிறைவாக இருக்கும்.

யார் ஊர்க் கடிகாரம்?

பேர்ல் துறைமுகத் தாக்குதல் 1941 டிசம்பர் 7. ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது டிசம்பர் 8. தேதியை மட்டும் பார்த்து ‘மறுநாள்’ என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் கோத்தா பாருவில் சண்டை தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் ஹவாயில் குண்டு விழுந்தது. நடுவே சர்வதேசத் தேதிக்கோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு, இந்தியாவில் 21 காலை. ஜெர்மனி சரணடைந்த நாள் லண்டனுக்கு மே 8, மாஸ்கோவுக்கு மே 9. நள்ளிரவைத் தாண்டியவை தனி ரகம். பாரதி மறைந்தது 1921 செப்டம்பர் 12 அதிகாலை, நினைவு நாள் கொண்டாடுவதோ 11-ல். நிகழ்ந்த இடத்தின் நேரத்தை எழுதுங்கள், அனுசரிக்கும் நாள் வேறாக இருந்தால் அதையும் எழுதுங்கள்.

எந்தப் படியின் தேதி?

அமெரிக்க விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2. அறிக்கையின் வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ஜூலை 4-ல் எல்லாரும் கூடிக் கையெழுத்திட்டார்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். முன்னாள் அதிபர்கள் ஜான் ஆடம்சும் ஜெபர்சனும் சரியாக 50-ஆம் ஆண்டு, 1826 ஜூலை 4-ல், ஒரே நாளில் இறந்தது மெய். ஒரே நாடு, ஒரே நாட்காட்டி. தாராளமாகப் போடலாம்.

9/11

அமெரிக்கர்களுக்கு இது செப்டம்பர் 11, நமக்கு நவம்பர் 9. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

ஹாக்கிங்கும் மறுபிறவியும்

இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் கலிலியோ இறந்து 300-ஆம் ஆண்டு நாளில் பிறந்தார், ஐன்ஸ்டைன் பிறந்த மார்ச் 14-ல் இறந்தார். இரண்டும் சரி. மார்ச் 14-ல் கார்ல் மார்க்சும் இறந்திருக்கிறார், அவரை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

பிப்ரவரி 30

தப்பு என்று அடித்துவிடுவார்கள். ஸ்வீடனில் 1712-ல் அந்த நாள் இருந்தது. லீப் நாட்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு 40 ஆண்டில் மெல்லப் புதிய கணக்குக்கு வந்துவிடலாம் என்று 1700-ல் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் லீப் நாளை விட்டார்கள், அடுத்தடுத்தவற்றை விடாமல் போனார்கள். பழைய கணக்கோடும் ஒட்டாமல் புதியதோடும் ஒட்டாமல் ஒரு நாள் தனியாக நின்றது. கடைசியில் பழைய கணக்குக்கே திரும்பிவிடுவது என்று முடிவெடுத்து, 1712 பிப்ரவரிக்கு இரண்டு லீப் நாள் கொடுத்தார்கள். ஸ்வீடன் ஒரேயடியாக மாறியது 1753-ல். அந்த ஆண்டு பிப்ரவரி 17-க்கு மறுநாள் மார்ச் 1.