தோட்டம் தாமானாகும்போது ஆற்றங்கரையில் செய்யக்கூடாத தவறுகள்

பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம் வீடமைப்புத் தாமானுக்குக் கைமாறுகிறது என்றால் நம் மக்கள் கேட்பது மூன்று கேள்விகள். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு வீடு உண்டா? கோயில் நிற்குமா? தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கிடைக்குமா? மூன்றும் நியாயமானவை. ஆனால் தோட்டத்தின் ஓரமாக ஓடும் ஆற்றுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காததால்தான் பின்னால் வீட்டுக்கும் கோயிலுக்கும் சேர்த்தே சிக்கல் வருகிறது.

பெரிய தவறு, ஆற்றோர நிலம் தானாகவே பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்று நம்புவது. வடிகால் நீர்ப்பாசன இலாகா, அதாவது ஜேபிஎஸ், ஆற்றின் அகலத்தைப் பொறுத்து எவ்வளவு இடம் விட வேண்டும் என்று வழிகாட்டி வைத்திருக்கிறது. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆறு என்றால் இரண்டு கரையிலும் 50 மீட்டர். 20 முதல் 40 வரை என்றால் 40 மீட்டர், 10 முதல் 20 வரை என்றால் 20, 5 முதல் 10 வரை என்றால் 10. அதற்கும் சிறிய ஓடைக்கு 5 மீட்டர். கணக்கு தெளிவானதுதான். ஆனால் இது வழிகாட்டி மட்டுமே. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி மாநில அரசு அரசிதழில் அறிவித்தால்தான் அது சட்டப்படி ஆற்று ரிசாப், அதாவது ஆற்றுக்கென ஒதுக்கிய நிலம். அப்படி அறிவிக்கப்படாத கரைகள் நாட்டில் நிறைய உண்டு. அதிலும் பழைய தோட்டக் கெரானில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், எல்லை தண்ணீர் ஓரம் வரை போயிருந்தால், அந்தக் கரை இன்னும் தனியார் நிலம். மேம்பாட்டாளர் நிலத்தை அரசிடம் ஒப்படைத்துப் புதிய மனைகளாகத் திரும்பப் பெறும் கட்டத்தில்தான் ஆற்றோரத் துண்டைப் பிரித்து அரசு தன்வசம் வைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு. அது தவறினால், பின்னால் காசு கொடுத்துக் கையகப்படுத்த வேண்டியதுதான்.

இதைக் கேட்டதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்: “அரசிதழில் இல்லையே, அப்போ கட்டலாம்தானே?” கட்ட முடியாது. பேராக்கில் செல்லுபடியாகும் 1920ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டம், எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆற்றங்கரையிலிருந்து 50 அடிக்குள் கட்டடம் எழுப்பக்கூடாது என்கிறது. கரையோரச் சுவருக்கும் அந்த அனுமதி வேண்டும். பின்வாசலைத் தாண்டி சிமெண்டு போட்டு, சிங் தகரக் கூரை இறக்கி நீட்டிய சமையலறையும் இதில் அடக்கம்.

அடுத்தது மனசுக்குக் கஷ்டமான விஷயம். “ஐம்பது வருஷமா இங்கேதான் இருக்கோம்” என்ற வாதம் அரசு நிலத்தில் எடுபடாது. எத்தனை காலம் குடியிருந்தாலும் அரசு நிலத்துக்கு உரிமை வராது என்று நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு நேரடியாகச் சொல்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கும் டிஓஎல் சீட்டைப் பட்டாபோல் நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அந்த வருஷம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும், புதுப்பிக்க வேண்டும். இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் உரிமமும் போய்விடும். அப்பா பெயரில் உள்ள சீட்டை நம்பி மகன் கல்வீடு கட்டுவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். கோயிலுக்கும் இதே நிலைதான். தோட்டம் விற்கப்படும் முன்பே, கரையிலிருந்து தள்ளி தனி மனையாகக் கேட்டு வாங்கினால்தான் நிலைக்கும். ரிசாப்பில் புதிதாக மண்டபம் எழுப்புவது அடுத்த தலைமுறைக்கு நோட்டீஸ் வாங்கித் தருவதற்குச் சமம்.

அளவெடுப்பதிலும் தவறு நடக்கிறது. தெலுக் இந்தானில் பேராக் ஆறு கடலின் ஏற்ற இறக்கத்தோடு ஏறி இறங்கும். தண்ணீர் வற்றிய நேரத்தில் தெரியும் அகலத்தை ஆற்றின் அகலமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கரையிலிருந்து கரைக்குத்தான் அகலம். ரிசாப்பும் கரையிலிருந்துதான் தொடங்கும். கரை நகரும் என்பதையும் மறக்கக்கூடாது. ஆறு அரித்து உள்ளே வந்தால், அப்படிப் போன பகுதி கெரானில் இருந்தாலும் அரசு நிலமாகிவிடும் என்கிறது 49ஆம் பிரிவு.

ரிசாப் வெறும் காலி இடம் என்று நினைத்து மண் கொட்டி நிரப்புவது இன்னொரு தவறு. தூர் வாரும் இயந்திரம் இறங்க அந்த இடம் வேண்டும். பெருமழையும் கடலின் பெரிய ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் நீர்க்கதவை மூடியாக வேண்டும். அப்போது தாமானின் மழைநீர் தங்கி நிற்கவும் கரையோரம் தாழ்வான இடம் வேண்டும். அதை நிரப்பிவிட்டால் தண்ணீர் லோங்காங் எனும் சாக்கடை வழியாகத் திரும்பி வீட்டுக்குள் வரும். கருமக்கிரியைக்கு நாம் ஆற்றில் இறங்கும் வழியும் இதே துண்டுதான். மனைகளெல்லாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் அந்த வழியும் அடைபடும், குப்பையும் அங்கேதான் விழும். வீடுகள் ஆற்றைப் பார்த்திருக்க வேண்டும், இடையில் சாலை போக வேண்டும் என்று ஜேபிஎஸ் சொல்வது இதனால்தான். ரிசாப்பையே திறந்தவெளிக் கணக்கில் காட்டி, பிள்ளைகள் விளையாட வேண்டிய திடலைக் குறைக்கும் வரைபடத்தையும் ஏற்கக்கூடாது.

கடைசியாக, கடிதம் வரும் என்று காத்திருப்பது. எந்த நிலம் எதற்கு என்று காட்டும் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், அக்கம்பக்க நில உரிமையாளர்களுக்கு நகராண்மைக் கழகம் அறிவிப்பு அனுப்பும். ஆட்சேபிக்க 21 நாள் அவகாசம். லயத்தில் குடியிருப்பவர் உரிமையாளர் இல்லை, ஆகவே அவருக்குக் கடிதம் வராது. லாரி வந்த பிறகுதான் தெரியும். உள்ளூர்த் திட்டத்தின் வரைவைக் காட்சிக்கு வைக்கும்போது நிலைமை வேறு. குறைந்தது நான்கு வாரம் அவகாசம் உண்டு, நிலம் இல்லாதவரும் ஆட்சேபிக்கலாம். அந்த அறிவிப்பைக் கோயில் நிர்வாகமும் பள்ளி வாரியமும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். விசாரிக்கப் போகும்போது நிலத்தின் லோட் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரிசாப் அரசிதழில் வந்ததா, மனை வரைபடத்தில் எத்தனை மீட்டர் விட்டிருக்கிறார்கள், ஜேபிஎஸ் என்ன கருத்து எழுதியது என்று கேளுங்கள். கேள்வியை எழுத்தில் கொடுத்து, சாப் அடித்த நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.