பாகற்காய் ஆய்வை நம்பலாமா? நீங்களே சோதிக்கும் முறை

டர்பனில் நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் அதிகம். அதனால் “பாகற்காய்ச் சாறு சர்க்கரையைக் குணமாக்கும், ஆய்வில் நிரூபணம்” என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம் சாட்ஸ்வர்த் பகுதி முழுக்கச் சுற்றிவிடுகிறது. அடுத்தவருக்கு அனுப்பும் முன் இப்படிப் பாருங்கள்.

முதலில் மூலக் கட்டுரையைத் தேடுங்கள். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் தளம் இலவசம்தான். ஆய்விதழின் பெயரும் ஆண்டும் இல்லாமல் “விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்” என்று மட்டும் இருந்தால் அதோடு விட்டுவிடலாம்.

கட்டுரை கிடைத்ததா? சரி, சோதனை எலியிலா, மனிதரிலா? எலிக்கு இறங்கிய சர்க்கரை நமக்கும் இறங்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்ததுதான் முக்கியம்: எதோடு ஒப்பிட்டார்கள்? சாறு குடிக்கத் தொடங்கியவர் அதே வாரம் சோற்றையும் குறைத்திருப்பார், மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டிருப்பார். சர்க்கரை எதனால் இறங்கியது? இதற்காகத்தான் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்குப் பாகற்காய் மாத்திரையும் இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி வெற்று மாத்திரையும் தருவார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. இது இல்லாத ஆய்வை நான் ஆதாரமாக எடுப்பதில்லை.

“பாதியாகக் குறைந்தது” என்றால் எத்தனையிலிருந்து என்று பாருங்கள். 1,000 பேரில் 2 பேர் என்பது 1 ஆனாலும் பாதிதான். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்றும் பாருங்கள்; அது பெரும்பாலும் கட்டுரையின் கடைசியில் இருக்கும்.

அப்புறம், வேறு யாருக்காவது அதே முடிவு வந்ததா? ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த வெர்னர் பெஸ்வோடா, மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவு கீமோ நல்ல பலன் தருவதாக 1999-இல் அறிவித்தார். அப்போது வெளியான மற்ற பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. 2000-இல் அமெரிக்க மருத்துவர்கள் நேரில் வந்து நோயாளிகளின் ஃபைல்களைக் கேட்டார்கள். பல ஃபைல்கள் கிடைக்கவே இல்லை. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்ததாகச் சொன்ன மருந்து வேறு, கொடுத்தது வேறு என்று அவரே ஒப்புக்கொண்டார். உடம்பை உருக்கும் அந்தச் சிகிச்சையை 1990களில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஏற்றிருந்தார்கள். நினைத்தாலே மனசு கனக்கிறது.

பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் அமைப்பு கோக்ரேன். பாகற்காய் பற்றிய அவர்களுடைய 2012 மறுஆய்வில் 4 சோதனைகள், 479 பேர். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்குப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்திருக்கிறார்கள். சாற்றை நம்பி உங்கள் வீட்டில் யாராவது மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தால், நாளைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.