ஃபோர் வீல் டிரைவில் ரிவர்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் அமைப்பு) போட்டுக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கலாமா என்று, புதிதாக மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி வாங்கியவர்கள் தயங்குகிறார்கள். தாராளமாக எடுக்கலாம். பார்க்க வேண்டியது தரையையும் ஸ்டியரிங்கையும்தான்.

காய்ந்த சிமென்ட் தரையில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, 4 ஹையிலேயே (நாலு சக்கரமும் வழக்கமான வேகத்தில் இயங்கும் நிலை) பின்னால் வந்து பார்க் செய்வது பெரிய தவறு. இந்த வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்கொடுக்கும் கியர் அமைப்பு) கிடையாது. 4 ஹையில் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். திருப்பத்திலோ முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். மண்தரை என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். சிமென்ட்டில் அது நடக்காது. ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், வண்டி பிரேக் பிடித்ததுபோல் திக்கித் திக்கி நகரும். அந்த இறுக்கம் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் கியர் பெட்டி) மேலும் விழுகிறது. அப்புறம் 2 ஹைக்கு (பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலை) மாற்றினாலும் டாஷ்போர்டில் ஃபோர் வீல் டிரைவ் விளக்கு அணையாமல் இருக்கும். இந்த நிலைகளை மாற்றும் லிவரோடு மல்லுக்கட்டாதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னால் போங்கள், பெரும்பாலும் தானே கழன்றுவிடும். (தானாகவே சக்தியைப் பிரித்துக்கொள்ளும் ஆல் வீல் டிரைவ் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.)

உயிருக்கே ஆபத்தான தவறு செங்குத்தான ஏற்றத்தில் நடக்கும். பாதி வழியில் இன்ஜின் நின்றதும் பதறிப்போய்க் கிளட்சை மிதித்து, வெறும் பிரேக்கை நம்பிப் பின்னால் இறங்குவார்கள். பாரமெல்லாம் பின்சக்கரங்களில் இருக்கும். லேசாகிவிட்ட முன்சக்கரங்கள் பிரேக்கில் வழுக்கும். வழுக்கினால் ஸ்டியரிங் எடுபடாது. வண்டி குறுக்கே திரும்பினால் உருண்டுவிடும்.

அதனால் ஏறத் தொடங்கும் முன்பே 4 லோ (நாலு சக்கரமும் குறைந்த வேகத்தில், அதிக இழுவையோடு இயங்கும் நிலை) போட்டுவிடுங்கள். நின்றுவிட்டால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ரிவர்ஸ் கியர் போட்டு, இன்ஜினைக் கிளப்பி, கிளட்சை விட விட பிரேக்கையும் தளர்த்துங்கள். இனி இன்ஜினே நாலு சக்கரத்தையும் இழுத்துப் பிடித்து, நடை வேகத்தில் இறக்கிவிடும். கிளட்ச் பக்கம் கால் போகவே கூடாது. ஏறிய தடத்திலேயே நேராக இறங்குங்கள். நடு ஏற்றத்தில் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம் என்ற யோசனையே வேண்டாம்.

சேற்றில் மாட்டினால், வந்த தடத்திலேயே பின்வாங்குவதுதான் முதலில் செய்ய வேண்டியது. முன்னால் உந்தி உந்திச் சக்கரத்தைச் சுழலவிட்டால் குழிதான் ஆழமாகும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஆட்டி எடுப்பதாக இருந்தால், சக்கரச் சுழற்சி முழுவதும் நின்ற பிறகே ரிவர்ஸ் போடுங்கள். சுழலும்போது போட்டால் கியர் பல்லோ ஆக்ஸிலோ உடையக்கூடும்.