சித்தி மகளின் ரெஸ்யூமில் திறமைப் பகுதியைச் சரிசெய்தது

பி.காம் முடித்த சித்தி மகள், நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலக வேலைக்கு அனுப்ப வைத்திருந்த ரெஸ்யூமில் திறமைகள் என்ற இடத்தில் கடின உழைப்பு, டீம் வொர்க், தலைமைப் பண்பு, எம்எஸ் ஆபிஸ் என்று இருந்தது. எதுவும் பொய் இல்லை. ஆனால் புதிதாக வேலை தேடும் எல்லோரும் இதையேதான் எழுதுகிறார்கள், படிப்பவருக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதலில் வேலை விளம்பரத்தை எடுத்து, அதில் கேட்டிருந்த எக்செல், டாலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி மூன்றையும் அடிக்கோடிட்டோம். அப்புறம் "இதுல நீ நிஜமா கைவச்சது எது, சொல்லு மக்ளே" என்று கேட்டேன். குலசேகரத்தில் சித்தப்பாவின் ரப்பர் ஷீட் கடைக் கணக்கு முழுவதும் இவள்தான் பார்க்கிறாள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது: யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார்கள், ஷீட்டின் தரம் ஆர்எஸ்எஸ் 4-ஆ 5-ஆ, அன்றைய விலை என்ன, பாக்கி எவ்வளவு, எல்லாமே எக்செல்லில். உடனே எம்எஸ் ஆபிஸை எடுத்துவிட்டு, "எக்செல்: ரப்பர் கடையின் தினசரி கொள்முதல் கணக்கு, பிவட் டேபிள் மூலம் தர வாரியாக மாத மொத்தம்" என்று எழுதினோம்.

டாலியும் ஜிஎஸ்டியும் வகுப்பில் படித்ததோடு சரி, அதனால் "பயிற்சி அளவில்" என்றே போட்டோம், கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம். மலையாளம் பேசத் தெரிந்ததையும் சேர்த்தேன். நம் ஊரில் அது சாதாரணம் என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் களியக்காவிளை தாண்டினால் கேரளா, அந்தப் பக்கத்து வாடிக்கையாளர் வரும் அலுவலகத்துக்கு அது பெரிய விஷயம். தலைமைப் பண்பு வேண்டாம் என்று எடுத்துவிட்டோம்.

இன்டர்வியூவில் முதல் கேள்வியே ரப்பர் கணக்கைப் பற்றித்தான்.