பிறர் வளர்த்த தோட்டம் உங்கள் பொறுப்புக்கு வரும்போது

ஒரு தோட்டம் உரிமையாக வந்து சேர்ந்ததும் மண்வெட்டியை எடுத்துக் கிளறத் தொடங்குவதுதான் பலரும் செய்வது. ஆனால், வெறுந்தரையாகத் தோன்றும் இடத்தில் கிழங்குகள் உறங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால், எல்லாப் பருவங்களும் ஒரு முறை சுற்றி வரும்வரை பெரிய மாற்றம் எதையும் செய்யாதிருப்பதே நல்லது. அதுவரை வெயில் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, மழைக்குப் பின் நீர் எங்கே தேங்குகிறது என்பவற்றைக் கவனித்துக் குறித்து வாருங்கள்.

இலையின்றி நிற்கும் செடியைப் பட்டுப்போனதாக எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள். சிறு கிளையொன்றின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அக்கிளைக்கு உயிர் இருக்கிறது, பழுப்பாக உலர்ந்திருந்தால், அடித்தண்டு வரை ஆங்காங்கே சுரண்டிப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும். காய்ந்த கிளைகளை உடனே வெட்டலாம். உயிருள்ளவற்றில் ஓர் ஆண்டில் கால் பங்குக்கு மேல் கழிக்காதீர்கள். கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது நிறுத்துவது எளிதன்று.

களைகளை அவை விதை கட்டுமுன் வேரோடு அகற்றுங்கள். பெயர் தெரியாத செடியைப் பூக்கும்வரை விட்டுவைக்கலாம். வெற்று மண்ணின்மீது 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு உலர்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் குறையும். ஆனால் அம்மூடாக்கு தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் பட்டை அழுகக்கூடும் ஆதலால், சுற்றிலும் கையகல இடைவெளி விடுங்கள். வேரூன்றிய செடிகளுக்குத் தினமும் சிறிது தெளிப்பதைவிட, மேல்மண் விரலளவு ஆழத்துக்கு உலர்ந்த பின் வேர்வரை இறங்குமாறு நீர் ஊற்றுவதே பயன் தரும்.