நேரலை தடுக்கினால் முதலில் மூன்று எண்களைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். எங்கள் தெருப் பிள்ளைகளில் பலர் இரவானால் தாங்கள் விளையாடுவதை நேரலையில் ஓடவிடுகிறார்கள். படம் தடுக்கித் தடுக்கிப் போனால் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். நெட்வொர்க் வேலை பார்க்கிறவன், ஆகவே இந்த மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. வருகிற ஒவ்வொருவரும் நோயைச் சொல்லுமுன் மருந்தைச் சொல்வார்கள்: புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமாம். பல ஆயிரம் ராண்ட் செலவு செய்யத் தயாராக இருக்கிறவர்கள், காசே செலவில்லாத ஒரு பலகையைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் நேரலை அனுப்பப் பயன்படுத்தும் ஓபிஎஸ் (OBS) மென்பொருளில் டாக்ஸ் மெனுவுக்குள் ஸ்டாட்ஸ் என்று ஒரு பலகை இருக்கிறது. அதைத் திறந்து, விளையாடும்போது கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று எண்கள் முக்கியம். ஃபிரேம் என்றால் வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு படமும். ரெண்டரிங் லேகினால், அதாவது காட்சியை வரைவதில் வரும் தாமதத்தால், தவறிய ஃபிரேம்கள் முதலாவது. இது ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூச்சு முட்டுகிறது. என்கோடிங் லேகினால் விடுபட்ட ஃபிரேம்கள் இரண்டாவது. படத்தைச் சுருக்கும் வேலை பின்தங்குகிறது. நெட்வொர்க்கில் கைவிடப்பட்ட ஃபிரேம்கள் மூன்றாவது. படம் கணினிக்குள் ஒழுங்காகத் தயாராகி, வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது. மூன்றும் வெவ்வேறு நோய்கள். எது ஏறுகிறது என்று தெரியாமல் செட்டிங்கில் கைவைக்காதீர்கள். பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு ஃபிரேம் போவது பெரிதில்லை. ஒரு சதவீதத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால்தான் கவலை.

இன்னொரு சோதனையும் உண்டு. நேரலை ஓடும்போதே கணினியில் பதிவும் செய்யுங்கள். பதிவின் தரத்தை நேரலையின் தரமே என்று வைத்தால் கூடுதல் சுமை வராது, ஒரே படம்தான் இரண்டு இடத்துக்கும் போகும். பதிவு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, பார்ப்பவர்களுக்கு மட்டும் நிற்கிறது என்றால் கணினியைக் குறை சொல்லாதீர்கள். பதிவிலேயே தடுக்கினால் இணைய நிறுவனத்தோடு சண்டை போடாதீர்கள்.

எங்கள் பகுதியில் நான் பார்த்தவரை பெரும்பாலும் மூன்றாவது எண்தான் ஏறுகிறது. ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வேகச் சோதனையைக் காட்டி வாதாடுவார்கள். அதில் பெரிதாகத் தெரிவது பதிவிறக்க வேகம். நேரலைக்குத் தேவை பதிவேற்ற வேகம். ஃபைபர் தொகுப்புகள் சிலவற்றில் அது பாதிதான், சிலவற்றில் அதற்கும் கீழே. அதைவிடப் பெரிய சங்கதி, சோதனை பெரும்பாலும் உங்கள் ஊரிலேயே இருக்கும் சர்வரோடு சில நொடிகள் பேசிவிட்டு முடிந்துவிடும். நேரலையோ மணிக்கணக்கில் ஓடுவது, அது போய்ச் சேரும் சர்வர் கடலுக்கு அப்பால்கூட இருக்கலாம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்குக்குப் போய்வர இருபது மில்லிநொடிக்குள் ஆகும். லண்டனுக்கு நூற்றைம்பதைத் தாண்டும். நேரலைப் படம் சிறுசிறு பொட்டலங்களாக, வழக்கமாக டிசிபி (TCP) என்ற அனுப்பும் முறையில் போகிறது. வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்து, பிறகு மெல்ல மெல்லக் கூட்டுவார். தூரம் கூடினால் அந்த மீட்சியும் தாமதமாகும். ஜோகன்னஸ்பர்கில் தெரியவே தெரியாத சிறு இழப்பு லண்டனில் படத்தையே நிறுத்திவிடும். ஆகவே ஓபிஎஸ் செட்டிங்கில் சர்வர் பட்டியலைத் திறந்து, தானியங்கித் தேர்வில் சிக்கல் வந்தால் அருகில் உள்ளதைக் கையால் தேர்ந்து பாருங்கள். ட்விட்ச் என்ற நேரலைத் தளத்துக்கு அனுப்புகிறவர்கள் ட்விட்ச் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் யாருக்கும் காட்டாமலேயே சோதனை ஓட்டம் விடலாம்.

கடலடிக் கேபிளே அறுந்த நாட்களும் உண்டு. 2024 மே 12 அன்று ஈஸி, சீகாம் என்ற இரண்டு கேபிள்கள் டர்பனுக்கு வடக்கே கடலில் ஒருசேரச் சேதமாகின. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் இணையமே தள்ளாடியது. அப்படிப்பட்ட நாளில் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை, குறைத்துக்கொண்டு ஓட்டுவதைத் தவிர நம் கையில் ஒன்றும் இல்லை.

ஆனால் கடலைக் குற்றம் சொல்லுமுன் வீட்டைப் பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டில் இரண்டு சன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரௌட்டரின் முகவரிக்கும் மற்றதில் 8.8.8.8 என்ற முகவரிக்கும் நிற்காமல் பிங் ஓடவிடுங்கள். ஒரு முகவரிக்குப் போய்வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று காட்டும் கட்டளை அது. 8.8.8.8 கூகுளின் சர்வர், வெளி உலகத்துக்கு ஒரு அடையாளம். ரௌட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். ரௌட்டருக்கே எண் தாறுமாறாகக் குதித்தால் சிக்கல் வீட்டுக்குள், அதாவது வைஃபையில். ரௌட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிநொடியில் அமைதியாக இருந்து, வெளி முகவரிக்கு மட்டும் எண் முந்நூறு நானூறு என்று ஏறினால் உங்கள் பதிவேற்றப் பாதை நிரம்பி வழிகிறது, அல்லது அதற்கு அப்பால் லைனில் கோளாறு.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு முதல் வகை. அறுபதுகளில் நகராட்சி கட்டிய வீடு, தடித்த சுவர்கள். ரௌட்டர் முன் கூடத்தில், அவன் அறை சமையலறைக்குப் பின்னால். பிங்கை ஓடவிட்டு இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று, நான்கு, மூன்று என்று வந்துகொண்டிருந்த எண் திடீரென்று நூற்றெண்பது, இருநூற்றுப் பத்து என்று தாவியது. பிறகு பதிலே வரவில்லை. ஓபிஎஸ் சன்னலின் அடியில் இருந்த பச்சைக் குறி மஞ்சளாகிச் சிவந்தது. அதே நேரம் சமையலறையில் மைக்ரோவேவ் உறுமிக்கொண்டிருந்தது. ஆயா நேற்றைய பிரியாணியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். மணி அடித்துக் கதவு திறந்ததும் எண் மறுபடி மூன்றுக்கு வந்துவிட்டது. மைக்ரோவேவும் பழைய வைஃபையும் ஏறத்தாழ அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் அந்தத் தொல்லை தீரும், ஆனால் அந்த அலை சுவரைத் துளைப்பதில் இன்னும் நோஞ்சான். ஆகவே கூரைக்குள் கேபிள் இழுத்தோம்.

கேபிள்தான் தீர்வு, மற்றதெல்லாம் சமாதானம். கேட் 6 வாங்கும்போது முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவு, ஆனால் வளைத்தால் உடையும். தொடர்பு போவதும் வருவதுமாக இருந்தால் நேரலை அடியோடு துண்டிக்கும். நூறு மீட்டர் வரை போகலாம் என்பதால் எந்த வீட்டுக்கும் நீளம் ஒரு பிரச்சினையில்லை.

இரண்டாம் வகையில், அதாவது வெளி முகவரிக்கு மட்டும் எண் ஏறும்போது, குற்றவாளி பெரும்பாலும் வீட்டுக்காரர்களே. இந்த நாட்டில் வீட்டுக்கு நான்கு கேமரா மாட்டி, எல்லாவற்றையும் இணையத்தில் சேமிக்க விடுகிறோம். அவை இரவும் பகலும் பதிவேற்றிக்கொண்டே இருக்கும். கோயில் தேர் பார்த்துவிட்டு வந்த அம்மாவின் கைபேசி, அன்றிரவே அத்தனை வீடியோவையும் மேலே அனுப்பத் தொடங்கும். நேரலை முடியும்வரை அதை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். ரௌட்டரில் முன்னுரிமை வசதி இருந்தால் உங்கள் கணினிக்குக் கொடுங்கள்.

பிட்ரேட் கணக்கு எளிது. உண்மையான பதிவேற்ற வேகத்தில் எழுபது சதவீதத்தைத் தாண்டாதீர்கள். ட்விட்சில் வழக்கமான உச்சம் 6000 கேபிபிஎஸ், அதாவது 6 எம்பிபிஎஸ். அதற்கு நிலையாக எட்டு ஒன்பது எம்பிபிஎஸ் பதிவேற்றம் வேண்டும். வேகமாக ஓடுகிற ஆட்டங்களுக்கு 1080பி பட அளவில் 6000 தருவதைவிட 720பி அளவில், 60 ஃபிரேமில், 4500 தருவது கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. பிள்ளைகள் ஒப்புக்கொள்வதில்லை. கைபேசி டேட்டாவில் ஓட்டுகிறவர்கள் இதையும் கணக்கிடுங்கள்: 6000 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 2.7 ஜிபி கரையும். பிட்ரேட் கட்டுப்பாட்டு முறையை சிபிஆர் (மாறாத பிட்ரேட்) என்றும், கீஃபிரேம் (முழுதாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளியை 2 நொடி என்றும் வையுங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் நெரிசலுக்கு ஏற்பப் பிட்ரேட்டை மாற்றும் வசதி இருக்கிறது. அதை இயக்கினால் படம் நிற்பதற்குப் பதில் சற்று மங்கும்.

முதல் எண் ஏறினால் கார்டு வாங்க ஓடாதீர்கள். விளையாட்டு நூற்றுக்கு நூறும் கார்டை விழுங்கினால், காட்சியைக் கோத்துத் தர ஓபிஎஸுக்கு மிச்சம் இருக்காது. 60 ஃபிரேமில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லிநொடிதான். விளையாட்டின் செட்டிங்கில் ஃபிரேம் வேகத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள். கார்டின் பயன்பாடு தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே வந்தால் போதும். விண்டோஸில் ஓபிஎஸை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள், கேம் மோடையும் இயக்குங்கள். ஆடும் பொம்மைகள், மின்னும் சட்டங்கள் என்று திரையில் தொங்கவிட்டவற்றில் பாதியைக் கழற்றுங்கள். முதல் அரைமணி நன்றாக ஓடிப் பிறகு திணறினால் அது சூடு. டர்பன் பிப்ரவரியின் புழுக்கத்தில் லேப்டாப்பைப் படுக்கையில் வைத்து ஆடினால் வேறென்ன ஆகும்?

இரண்டாம் எண்ணுக்கு மருந்து சுருக்கமானது. என்விடியா கார்டு இருந்தால், ப்ராசஸரே படத்தைச் சுருக்கும் எக்ஸ்264 முறையை விட்டு, கார்டே சுருக்கும் என்வென்குக்கு (NVENC) மாறுங்கள். அதற்கென்று கார்டில் தனிப் பகுதி இருக்கிறது. இன்டெலில் குவிக் சின்க், ஏஎம்டியில் அதன் சொந்த என்கோடர். மாறிய பிறகும் ஏறினால் லுக்-அஹெட் வசதியை அணைத்து, பிரீசெட்டை (சுருக்கும் வேகத்துக்கான முன்னமைப்பை) ஒரு படி வேகமாக்குங்கள். எக்ஸ்264 தவிர வழியில்லை என்றால் பிரீசெட்டை வெரிஃபாஸ்ட் என்று வையுங்கள்.

மூன்று எண்களும் பூஜ்யத்தில் நின்றாலும் திருநெல்வேலியிலிருந்து என் தங்கை படம் சிக்குகிறது என்பாள். அவளுக்குக் கைபேசி டேட்டாதான். சிறிய சேனல்களுக்குத் தரத்தைக் குறைத்துப் பார்க்கும் தெரிவு ட்விட்சில் எப்போதும் கிடைப்பதில்லை. நீங்கள் அனுப்பும் 6000 அப்படியே அவள் தலையில் இறங்கும். ஊரில் சொந்தங்கள் பார்க்கிறார்கள் என்றால் 3000க்கு இறக்கி 30 ஃபிரேமில் ஓட்டுங்கள்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு வெகுவாகக் குறைந்தாலும் முழு நிம்மதி இல்லை. ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் ஒரு மினி யுபிஎஸ் (மின்சாரம் போனால் தாங்கும் சிறு பேட்டரி) மாட்டிவிடுங்கள். மாட்டுமுன் இரண்டு அடாப்டர்களிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். 9 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட்டைச் செருகினால் அது கருகிவிடும். லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் கார்டின் வேகம் தானே குறையும், முதல் எண் ஏறும். அப்போது விளையாட்டின் தரத்தை இறக்குங்கள்.

இவ்வளவும் செய்து தீரவில்லை என்றால் ஹெல்ப் மெனுவில் லாக் ஃபைல் இருக்கிறது. நேரலையை நிறுத்திய பிறகு அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். கார்டின் விலைப்பட்டியலை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம்.